சொல்லிவிட்டால் வருவார்கள்

பாளையம்பட்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் இடையில், ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலத்தில் முருகலட்சுமியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலைபவர்கள் காலையில் வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மாலையில் வருவார்கள். நடுப்பகலில் வெயில் சாலையை ஆளற்றதாக்கிவிடும். அந்த வேளைகளில்தான், மேசை விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு, அவள் சுவீடன் நாட்டவர்களோடு கணினியில் உரையாடினாள்.

அந்த நாட்டின்மேல் அவளுக்குத் தனியாக ஓர் ஆசையும் இருந்ததில்லை. தம்பி அங்கே இருந்தான், அவ்வளவுதான்.

அழகுராஜா அவளுக்குப் பதினொரு வயது இளையவன். சீமைக்கருவேலம் வெட்டப் போன இடத்தில் தந்தையைப் பாம்பு தீண்டியபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். தாய் வெள்ளைத்தாய் கூலிக்குக் களையெடுக்கப் போய்விட, அவனை இடுப்பில் சுமந்தபடியே பள்ளிக்கூடத்துச் சன்னலோரம் நின்று பாடம் கேட்டவள் முருகலட்சுமி. பிற்பாடு அவள் அருப்புக்கோட்டையில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றதும், மணமான இரண்டாம் ஆண்டே கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும், கடை வைத்ததும் எல்லாம் அவனை நடுவில் வைத்தே நடந்தன. அவன் மதுரையில் சமையற்கலை படித்தான். சென்னை ஓட்டல்களில் வேலை பார்த்தான். பிறகு சுவீடனில் நோர்ஷோப்பிங் என்னும் ஊருக்கு, ஓர் இந்திய உணவகத்தின் சமையற்காரனாகப் போனான்.

வாரம் ஒருமுறை பேசுவான். என்ன கேட்டாலும், "நல்லாருக்கேன்க்கா" என்பதோடு முடித்துக்கொள்வான். ஒருமுறை வீடியோவில் தன் அறையின் சன்னலைக் காட்டினான். அங்கே பிற்பகல் நான்கு மணி, வெளியே கும்மிருட்டு. என்ன ராசா இம்புட்டு இருட்டு என்று தாய் கேட்டதற்கு, குளிர்காலம் என்றால் அப்படித்தான், பழகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை முருகலட்சுமி நம்பவில்லை. அது எப்படிப்பட்ட ஊர், அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையெல்லாம் இனி இவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பது அன்று அவளுக்கு விளங்கியது.

தேடிப் பார்த்தாள். அந்த ஊர்க்காரர்கள் வெளிநாட்டவரோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதற்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுள் இருவர் அவளோடு நெருங்கிப் பழகினார்கள். பிர்கித்தா என்னும் அம்மையார் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். லென்னார்ட் என்பவர் அவ்வூரில் ட்ராம் ஓட்டியவர். சாலையில் பதித்த தண்டவாளத்தின்மேல் ஓடும் அந்த மின்சார வண்டிகளின் படங்களை வாரந்தவறாமல் அனுப்புவார். மனைவியை இழந்தவர், தனியே வாழ்பவர். மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டார். தெரியாததைத் தெரியும் என்றும் சொல்லமாட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போது அவர்களும் நம்மைப் போலவே காலணியைக் கழற்றிவிடுகிறார்கள் என்று அறிந்தபோது அவளுக்கு உறவினரைக் கண்டது போல் இருந்தது. பேருந்தில் வேறு இருக்கை காலியாக இருக்கும்போது ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவது அங்கே பண்பன்று என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு வந்தது. திருச்சுழிப் பேருந்தில் மூவர் இருக்கையில் ஐவர் அமர்ந்து, நிற்கிறவர்களின் பைகளையும் மடியில் வாங்கி வைத்திருக்கும் படம் ஒன்றை அனுப்பினாள். தாம் இறங்கி நடந்தே போய்விடுவதாக லென்னார்ட் பதில் எழுதினார்.

ஒருநாள் பிர்கித்தா தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி எழுதினார். தோழியின் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும்போது உணவு வேளை வந்துவிட்டால், அவ்வீட்டார் உண்டு முடிக்கும்வரை இவர் தோழியின் அறையில் தனியே காத்திருப்பாராம். முருகலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைப் பசியோடு உட்கார வைத்துவிட்டுச் சோறு எப்படி இறங்கும் என்று கேட்டுவிட்டாள். பிர்கித்தா வருந்தவில்லை. அந்தப் பிள்ளைக்காக அதன் தாய் தன் வீட்டில் சமைத்து வைத்திருப்பாள். அவள் கேட்காமல் நாம் ஊட்டி அனுப்பினால் அவளுடைய வீட்டுக்குள் கை நீட்டியவர்கள் ஆவோம் என்று பொறுமையாக விளக்கினார். கேட்டால் எதையும் செய்வோம், கேட்காமல் ஒருவருடைய வாழ்க்கைக்குள் நுழையமாட்டோம் என்றும் எழுதினார். முருகலட்சுமி அதைச் சாப்பாட்டைப் பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொண்டாள்.

விடைபெறுவதைப் பற்றியும் ஒருமுறை பேச்சு வந்தது. அவர்கள் வாசலில் நின்று நன்றி சொல்வார்கள். அடுத்த முறை சந்திக்கும்போது, போன முறைக்காக மீண்டும் ஒரு நன்றி சொல்வார்கள். எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்லவே மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று அவள் எழுதினாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதையும் சொல்வதில்லை என்றும் எழுதினாள். இறப்பு நேர்ந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொன்னால், அப்படி ஒரு காரியத்துக்கு இன்னொரு முறை வருவதாக ஆகிவிடும். ஆகையால் வாய் திறக்காமல் எழுந்து போய்விடுவோம். லென்னார்ட் அதைப் படித்துவிட்டு, நல்ல வழக்கம் என்று இரண்டே சொற்களில் எழுதினார்.

தம்பி அதே ஊரில்தான் இருக்கிறான் என்பதை அவள் முதல் வாரத்திலேயே அவர்களுக்குச் சொல்லியிருந்தாள். அந்த உணவகத்தில் ஒருமுறை சாப்பிட்டிருப்பதாகப் பிர்கித்தா எழுதினார். ஒரு நவம்பரில் அவன் காய்ச்சலில் படுத்தபோது, தம்பிக்கு உடம்பு சரியில்லை, தனியாகக் கிடக்கிறான் என்று முருகலட்சுமி குழுவில் எழுதினாள். விரைவில் குணமாக வாழ்த்துவதாகப் பலரும் எழுதினார்கள். யாரேனும் ஒருவர் அன்று மாலை ஒரு பாத்திரத்தில் கஞ்சியோடு அவன் கதவைத் தட்டியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவனிடம் கேட்டபோது, யாரும் வரவில்லையே, ஏன் என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. வேலை இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை விட்டுவிட்டாள்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் உணவக முதலாளி அழைத்தார். அழகுராஜா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லையாம், தொலைபேசியையும் எடுக்கவில்லையாம், காவலரோடு போய் அறையைத் திறந்து பார்த்தார்களாம். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோயிருந்தது. அவனுக்கு வயது முப்பத்து நான்கு.

திருச்சுழிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவிலிருந்த அந்தச் சிற்றூரில் வெள்ளைத்தாயின் வீட்டு முன்னால் பந்தல் போட்டார்கள். கூடத்தில் கிடத்த உடல் இல்லை. உடலைக் கொண்டுவர முருகலட்சுமி எல்லாக் கதவுகளையும் தட்டினாள்; ஆகும் செலவு அவர்களுடைய கைக்கு எட்டும் தொலைவில் இல்லை. கடைசியில் தாய்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அங்கனயே எரிச்சிரச் சொல்லு," என்றாள் வெள்ளைத்தாய். "ஆனா ஒண்ணுடி. எம்புள்ள அனாதப் பொணமாப் போயிரக் கூடாது. நாலு சனம் நிக்கணும். எவுகளா இருந்தாலும் சரி, கிட்டக்க நிக்கணும்."

"நிப்பாகம்மா. எனக்குத் தெரிஞ்சவுக அந்த ஊருலயே இருக்காக."

"சொல்லீட்டியா?"

"சொல்லீர்றேன்."

அவனோடு தங்கியிருந்த நேபாளி இளைஞன் வேறு நாட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்நாட்டுத் தலைநகரில் இருந்த தமிழர் ஒருவர் தொலைபேசியில் அன்போடு பேசினார்; வேலை நாள், பனிப்பொழிவு, பார்க்கிறேன் என்றார். முருகலட்சுமி அவரைப் பெரிதாக நம்பியிருக்கவில்லை. மூன்றாண்டுகளாகத் தன் நடுப்பகல்களை எல்லாம் யாரோடு கழித்தாளோ, அவர்களையே நம்பியிருந்தாள்.

ஆனால், நாள் குறிக்கப்படவே இல்லை. அந்நாட்டில் இறந்தவரை அடக்கம் செய்ய மூன்று வாரம், நான்கு வாரம் ஆகுமாம். தம்பி இறந்ததைச் சொல்லி, ஏன் இந்தத் தாமதம் என்று குழுவில் கேட்டாள். கூடம் கிடைக்க வேண்டும், எல்லாவற்றையும் நிதானமாக ஏற்பாடு செய்ய வேண்டும், இறந்தவருக்கு அவசரம் இல்லை அல்லவா என்று பிர்கித்தா எழுதினார். அதைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று முருகலட்சுமிக்குத் தெரியவில்லை. பிணம் எடுக்காத வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் அது ஒருவேளையாகக் குறைந்தது. அதன்பின் முருகலட்சுமி பாளையம்பட்டியில் சோறாக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். பதினாறாம் நாள் காரியத்தையாவது முடித்துவிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது, பிள்ளை இன்னும் அங்கே ஐஸ் பெட்டிக்குள் கிடக்கையில் எதை முடிக்கச் சொல்கிறீர்கள் என்று வெள்ளைத்தாய் கேட்டாள். தீட்டுக் கழிய அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. பந்தலை வாடகைக்காரர் வந்து பிரித்துக்கொண்டு போனார்.

ஒருவழியாக, இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்துப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, அங்கே காலை பதினொரு மணி. உறவினர் பார்ப்பதற்காகக் கூடத்தில் ஒரு கேமரா வைப்பார்களாம். எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். முருகலட்சுமிக்கு அந்தக் கேள்வியே தகாததாகப் பட்டது. கல்யாணத்துக்கு இலை எண்ணலாம்; சாவுக் கேதத்துக்கு யாராவது தலை எண்ணுவார்களா? அவள் பதில் எழுதவில்லை. அந்தப் பெண் மீண்டும் கேட்டாள். நாற்காலி போட வேண்டும், வருபவர் ஒவ்வொருவரும் சவப்பெட்டியின்மேல் வைப்பதற்கு ஒரு பூ வாங்கி வைக்க வேண்டும் என்றாள். ஏழெட்டுப் பேர் வருவார்கள் என்று முருகலட்சுமி எழுதினாள்.

அன்றே குழுவிலும் எழுதினாள். இன்ன நாள், இன்ன மணி, இன்ன கல்லறைத் தோட்டத்துக் கூடம், ட்ராமில் வந்தால் இறங்க வேண்டிய நிறுத்தம் இன்னது. அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவளுடைய ஊரில் கேதம் சொல்லப் போகிற ஆளும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டான். ஒரு வாய்த் தண்ணீரும் வாங்கிக் குடிக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஏழு தலைமுறைப் பகையாளியும் வந்து தெருவில் நின்றுவிட்டுப் போவான்.

உடனே பதில்கள் வந்தன. எரியும் மெழுகுவத்திப் படங்கள், இதயப் படங்கள். எங்கள் எண்ணமெல்லாம் உங்கள் குடும்பத்தோடு இருக்கும் என்று பிர்கித்தா எழுதினார். அந்த நேரத்தில் அவனை நினைப்பேன் என்று லென்னார்ட் எழுதினார். வருகிறேன் என்று யாரும் எழுதவில்லை. முருகலட்சுமி அதைக் கவனிக்கவும் இல்லை. கேதத்துக்கு வருகிறேன் என்று யார்தான் சொல்வார்கள்?

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வெள்ளைத்தாயின் வீட்டில் பெண்கள் கூடினார்கள். ஒரு பித்தளைச் சொம்பின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவர்கள் கொண்ட கூடம் ஒன்று தெரிந்தது. நடுவில் வெளிர்நிறப் பலகையால் செய்த பெட்டி. இருபுறமும் உயரமான மெழுகுவத்திகள். ஒரு முக்காலியின்மேல் தட்டில் வெள்ளை ரோசாப் பூக்கள். பின்னால் வரிசையாக நாற்காலிகள். கறுப்பு உடையணிந்த ஆண் ஒருவரும், கடிதம் எழுதிய அந்தப் பெண்ணும் சுவரோரம் நின்றார்கள்.

நாற்காலிகளில் யாரும் இல்லை.

இப்போது வந்துவிடுவார்கள் என்று முருகலட்சுமி சொன்னாள். அங்கே எல்லாம் மணியடித்தாற்போல் நடக்கும் என்று அவளே பலமுறை தாயிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே மூன்றரை, அங்கே பதினொன்று அடித்தது. கறுப்பு உடைக்காரர் கதவை ஒருமுறை பார்த்தார். அந்தப் பெண் போய்க் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. அவர் மேலும் சிறிது நேரம் காத்திருந்து, பிறகு பேசத் தொடங்கினார். அழகுராஜாவைப் பற்றி முருகலட்சுமி எழுதி அனுப்பியிருந்த ஐந்தாறு வரிகளை அந்தக் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக் காட்டினார்.

வெள்ளைத்தாயின் அக்காள் மாயக்காளால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்னடி லச்சுமி, பொழுதன்னைக்கும் பொட்டியத் தட்டித் தட்டி வெள்ளக்காரங்களோட பேசுன. ஒரு காக்கா குருவியக் காணோம்?"

 கறுப்பு உடைக்காரர் ஒரு ரோசாவை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். அந்தப் பெண் ஒன்றை எடுத்து வைத்துத் தலை குனிந்தாள். தட்டில் மற்றப் பூக்கள் அப்படியே கிடந்தன.

"அந்தப் பூவெல்லாம் யாருக்குடி வச்சிருக்கு?" என்று வெள்ளைத்தாய் கேட்டாள்.

"வாரவுகளுக்கும்மா."

தாய் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஒப்பாரியைத் தொடங்க வேண்டியவள் அவள். அவள் தொடங்காததால் மற்றப் பெண்களும் வாய் திறக்கவில்லை. படம் நின்றது. ஒவ்வொருவராக எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அதுதான் முறை, ஆனாலும் அன்று அவர்கள் போன விதம் முருகலட்சுமியின் முகத்தில் காறி உமிழ்ந்தது போல் இருந்தது.

அன்றைக்காவது அடுப்பு மூட்டுவாள் என்று நினைத்தாள். வெள்ளைத்தாய் மூட்டவில்லை. சனம் நிற்காமல் போனது போனதாகாது என்று ஒருமுறை சொன்னாள். அதன்பின் மகளோடு அவ்வளவாகப் பேச்சில்லை. தூக்குவாளி வந்துகொண்டிருந்தது, காலியாகிப் போய்க்கொண்டிருந்தது. முருகலட்சுமி அந்தக் குழுவிலிருந்து விலகினாள். நடுப்பகலில் கணினியை அணைத்துவிட்டு, நகல் இயந்திரத்தின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். கண்ணை மூடினால் அந்தத் தட்டும் பூக்களும் வந்து நின்றன.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் லென்னார்டிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. குழுவில் உங்களைக் காணவில்லை, நாங்கள் ஏதேனும் தவறு செய்தோமா என்று கேட்டிருந்தார். படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் எழுதினாள். நாளும் மணியும் இடமும் சொன்னேன், வண்டி நிற்குமிடம்கூடச் சொன்னேன், ஒருவர்கூட வரவில்லை, உங்கள் ஊர் நாற்காலிகளுக்கு நடுவில் என் தம்பி ஆளில்லாமல் கிடந்ததை என் தாய் பார்த்தாள், நீங்கள் எல்லோரும் என்ன மனிதர்கள்?

 பிறகு, அவர் ஒருபோதும் எழுதாத அளவுக்கு நீளமாக ஒன்று வந்தது.

'நீங்கள் எழுதிய நிறுத்தம் நான் முப்பது ஆண்டு வண்டி ஓட்டிய தடத்தில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். அவனுடைய நண்பர்களும் உங்கள் நாட்டவர்களும் அங்கே இருப்பார்கள் என்று நினைத்தேன். அவனை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு கிழவன் உங்கள் துக்கத்துக்குள் அழையாமல் வந்து உட்காருவது தகாது என்று நினைத்தேன். பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, அணையும்வரை பக்கத்தில் இருந்தேன். கேட்டிருந்தால் வந்திருப்பேன், மற்றவர்களையும் அழைத்து வந்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்தது இதுதான்.'

அவள் அதை இரண்டாம் முறை படிக்கும்போது, தோழியின் அறையில் தனியே உட்கார்ந்திருந்த அந்தப் பசித்த பிள்ளை நினைவுக்கு வந்தது. பிர்கித்தா அன்று சொன்னது சோற்றைப் பற்றி மட்டும் அன்று. நவம்பர்க் காய்ச்சலில் அவன் கதவை யாரும் தட்டாததும் அதுதான். மூன்றாண்டுகளாக அவர்கள் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள்தான் தன் ஊர்க் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி உயிரோடு இருந்தபோதே ஒரு சொல் கேட்டிருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரே ஒரு முறை எழுதியிருக்கலாம். அந்த நினைப்பு வந்தபின் அவளால் கடையில் இருக்க முடியவில்லை. கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் திருச்சுழிப் பேருந்தில் ஏறினாள்.

தாய் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முருகலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள்.

"கேட்டிருந்தா வந்திருப்பாகளாம்மா."

"சாவுக்கு வாங்கன்னு எப்பிடிடி கேக்குறது?" என்றாள் வெள்ளைத்தாய். "அவுக வீட்டுக்கும் அதக் கூட்டியாந்து விட்ட மாதிரி ஆயிரும். எந்த வாயி அதக் கேக்கும்?"

"அவுகளுக்கு அப்பிடி இல்லம்மா. கேக்காமப் போறதுதான் அவுகளுக்குத் தப்பு."

தாய் காட்டைப் பார்த்தாள். அறுவடை முடிந்து காய்ந்து நின்ற பருத்திமார் காற்றில் சலசலத்தது. இன்னும் அங்கே செய்ய வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. உடலை எரித்தாகிவிட்டது, சாம்பலை ஒரு கலயத்தில் வைத்திருந்தார்கள். குளிரில் மண் இறுகிப்போயிருந்ததால் ஏப்ரலில்தான் அதைப் புதைக்க முடியும் என்று அந்த நிறுவனத்துப் பெண் எழுதியிருந்தாள்.

"என் வாயில அது வராது," என்றாள் தாய். "ஒனக்கு வருமா?"

மறுநாள் முருகலட்சுமி கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். நாளையும் மணியையும் எழுதினாள். அது கை பழகியதாக இருந்தது. அடுத்த வரியில் விரல் நின்றது. எழுபது கடந்த மனிதர், துணையில்லாதவர், நெஞ்சில் ஏதோ கோளாறு என்று மருத்துவரிடம் போய் வருபவர். அவரைப் பார்த்து, என் வீட்டுச் சாவுக்கு வா என்று எப்படி எழுதுவது? ஊரில் யாரேனும் இப்படி அழைத்தால் செருப்பால் அடிப்பார்கள். குலசாமியை நினைத்துக்கொண்டாள், இந்தக் கிழவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அப்படி ஏதாவது ஆவதானால் அது என்னோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு எழுதினாள்: நீங்கள் வர வேண்டும் என்று கேட்கிறேன். வருவீர்களா?

ஆதார் அட்டையை நகலெடுக்க வந்தவர் சில்லறை தேடி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. வருகிறேன் என்று எழுதியிருந்தார். பிர்கித்தாவிடம் தாம் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தார்.

ஏப்ரல் கடைசியில், வெயில் காட்டை வறுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அதே சொம்பின்மேல் அதே கைப்பேசி சாய்ந்திருந்தது. இந்த முறை மாயக்காளைத் தவிர வேறு யாரும் வரவில்லை. லென்னார்ட் தம் கைப்பேசியிலேயே காட்டினார். இலை விடாத மரங்கள், ஈரமான புல், தரையில் ஒரு சிறு சதுரக் குழி. பிறகு அவரே திரையில் வந்தார், கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார்.  பக்கத்தில், சக்கரம் வைத்த கைத்தாங்கியைப் பிடித்தபடி பருமனான ஓர் அம்மையார் நின்றார். அவர்தான் பிர்கித்தா என்று முருகலட்சுமி தாய்க்குச் சொன்னாள். இருவர் கையிலும் ஆளுக்கொரு வெள்ளைப் பூ இருந்தது.

"ரெண்டு கெழடுக," என்று மாயக்காள் முணுமுணுத்தாள்.

"யக்கா, நீ சும்மா இரு. வந்தவுகள எண்ணக் கூடாது," என்றாள் வெள்ளைத்தாய்.

தோட்டத்துப் பணியாளர் கலயத்தைக் கயிற்றால் இறக்கினார். இருவரும் குனிந்து பூவைப் போட்டார்கள். லென்னார்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பேசியைக் குழியின் பக்கம் திருப்பினார். அப்போதுதான் வெள்ளைத்தாய் வாய் திறந்தாள். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்தது முழுவதும் வெளியே வந்தது. இடுப்பில் சுமந்ததையும், இருட்டுச் சன்னலையும், முகம் பார்க்க ஆளில்லாமல் போனதையும், ஊர்ப் பூ ஒன்றுகூடப் படாமல் போனதையும் சொல்லிச் சொல்லி அழுதாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பணியாளர் போய்விட்டார். அந்த இருவரும் போகவில்லை. ஒரு சொல்லும் புரியாமல், ஆனால் அசையாமல், அழுகை தானே ஓயும்வரை நின்றார்கள். கைப்பேசியைப் பிடித்த கை மட்டும் வலியால் அவ்வப்போது தாழ்ந்து உயர்ந்தது.

ஓய்ந்தது. லென்னார்ட் கைப்பேசியைத் தம் பக்கம் திருப்பினார். முகம் முழுவதும் தெரிந்தது. நன்றி சொல்லும் வழக்கப்படி ஏதோ சொல்ல வாய் எடுத்தார், நிறுத்திக்கொண்டார். தலையை ஒருமுறை தாழ்த்தினார். திரை கறுத்தது.

"கட்டாயிருச்சா?" என்று மாயக்காள் கேட்டாள்.

"இல்ல பெரியம்மா," என்றாள் முருகலட்சுமி. "போயிட்டாக."

 வெள்ளைத்தாய் தரையில் கையூன்றி எழுந்தாள்.

"தலைக்கு ஊத்தணும்," என்றாள். "தண்ணி எடுத்து வையி."